எழுத்துக்கு முன்னால் காது: பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கவும் எழுதவும் பழக்கும் வழி

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லெழுதக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "குடை" என்றேன். முன்வரிசையில் இருந்த சிறுமி "கொட" என்று எழுதினாள். சிவப்பு மையால் அடித்துவிட்டு மறுபடி எழுதச் சொன்னேன். அவள் வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்தாள்: "கொ... ட... கொட." மறுபடியும் அதையே எழுதினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. "மழ வருது, கொட எடுத்துக்கோ" என்றுதான் அவள் வீட்டில் சொல்கிறார்கள். என் வீட்டிலும் அப்படித்தான். கேட்டதை ஒலி பிசகாமல் எழுதியிருக்கிறாள். ஆறு வயதுப் பிள்ளை ஒரு சொல்லைத் தன் வாயில் உடைத்துப் பார்த்து, துண்டு துண்டாக எழுத்தில் வைத்திருக்கிறாள். வாசிப்பின் அடித்தளமே அந்தத் திறமைதான். நான் அதைச் சிவப்பு மையால் அடித்திருந்தேன்.

அதற்குப் பிறகு சொல்லிக்கொடுக்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். முதல்முறையாகப் பிள்ளைக்குத் தமிழ் பழக்கப் போகும் பெற்றோர், மாலை வகுப்புகளில் உட்காரும் தன்னார்வலர்கள், வெளிநாட்டு வாரக்கடைசித் தமிழ்ப் பள்ளிகளின் ஆசிரியர்கள் ஆகியோருக்காக, நான் பழகிக்கொண்ட வரிசையில் எழுதுகிறேன். நான்கு வயது முதல் ஏழு வயது வரைக்கும் இது பொருந்தும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். ஒரு பிடி புளியங்கொட்டை, ஒரு சிலேட்டு, ஒரு சின்ன முகக்கண்ணாடி, ஒரு ரப்பர் பேண்ட், சில அட்டைகள், ஒரு நோட்டு இருந்தால் வேறு எதுவும் வாங்க வேண்டாம்.

ஒலியுணர்வு என்றால் என்ன

நான்கு வயதுப் பிள்ளையிடம், "எது பெரிய வார்த்தை, ரயிலா, பட்டாம்பூச்சியா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் "ரயில்" என்று பதில் வரும். பிள்ளைக்கு வார்த்தை என்றால் பொருள்தான். ரயில் நீளமாக ஓடுகிறது, பட்டாம்பூச்சி உள்ளங்கையில் அடங்குகிறது. வார்த்தைக்குத் தன் பொருளை விட்டுத் தனியாக ஓர் ஒலி உடம்பு இருக்கிறது, அந்த உடம்பைத் துண்டாக்கலாம், துண்டை மாற்றி வைக்கலாம் என்று பிள்ளை உணர்வதைத்தான் ஒலியுணர்வு என்கிறோம். "பட்டாம்பூச்சிதான் பெரிசு, சொல்லவே ரொம்ப நேரமாகுது" என்று ஒரு நாள் பிள்ளை சொல்லும்போது கதவு திறந்துவிட்டது என்று அறியலாம்.

இது வாசிப்புக்கு உதவுகிறது என்பதற்குச் சான்று உண்டு. இங்கிலாந்தில் லினெட் பிராட்லி, பீட்டர் பிரையன்ட் என்ற உளவியலாளர்கள் இருவரும் சுமார் 400 குழந்தைகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1983இல் 'நேச்சர்' என்ற அறிவியல் இதழில் எழுதினார்கள். ஒலி ஒற்றுமையை வைத்துச் சொற்களைப் பிரிக்கப் பழகிய குழந்தைகள் வாசிப்பிலும் எழுத்திலும் முன்னேறினார்கள். ஒலிப் பயிற்சியோடு பிளாஸ்டிக் எழுத்துகளையும் கையில் கொடுத்துப் பழக்கியவர்கள் இன்னும் முன்னால் போனார்கள். காதும் எழுத்தும் சேர்ந்து நடக்க வேண்டும் என்பதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஆங்கிலத்துக்கு வகுத்த படிகளை அப்படியே தமிழுக்குக் கொண்டுவராதீர்கள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து ஏறக்குறைய ஒரு தனி ஒலியைக் காட்டும். தமிழில் 'கா' என்ற ஒரே எழுத்துக்குள் க், ஆ என்ற இரண்டு ஒலிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நம் 247 எழுத்துகளில் 216 அப்படிப்பட்ட உயிர்மெய்கள். எனவே தமிழ்ப் பிள்ளையின் காது முதலில் முழுத் துண்டை, அதாவது கா, மி, து என்பதைப் பிடிக்கும். அதற்குள் இருக்கும் மெய்யையும் உயிரையும் பிரிப்பது பின்னால்தான் வரும். கன்னடம் படிக்கும் குழந்தைகளிடம் சோனாலி நாக் என்ற ஆய்வாளர் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது: எழுத்துகள் முழுவதையும் கற்கப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் ஆகின்றன, தனி ஒலியைப் பிரிக்கும் திறன் மெல்லத்தான் வருகிறது. கன்னட எழுத்தின் அமைப்பும் நம்முடையதைப் போன்றதுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆங்கிலத்தில் மூன்றாம் மாதமே தனி ஒலிகளைச் சேர்த்து வாசிக்கிறது என்று பதற வேண்டியதில்லை.

முதல் படி: பேச்சிலிருந்து சொல்

இதற்கு ஒரு வாரம் போதும். நம் பேச்சில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுதான் வரும். "பாட்டி கடைக்குப் போனாங்க" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு சொல்லுக்கும் தரையில் ஓர் ஓடு தாண்டச் சொல்லுங்கள். மூன்று தாண்டல். "பாட்டி நேத்து கடைக்குப் போனாங்க" என்றால் நான்கு. பிள்ளையே ஒரு சொல்லைக் கூட்டட்டும், குறைக்கட்டும். இது பிடிபட்டதும் நகர்ந்துவிடுங்கள்.

இரண்டாம் படி: தட்டு, இழு, சொடுக்கு

சொல்லை உடைக்கத் தமிழில் இரண்டு வழி இருக்கின்றன. இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. 'அம்மா' என்பதை வாய் இரண்டு வீச்சில் சொல்கிறது: அம், மா. எழுதும்போதோ மூன்று எழுத்து: அ, ம், மா. முதல் இரண்டு மூன்று வாரம் வாய் வீச்சை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தாடைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு சொன்னால் தாடை எத்தனை முறை கையைத் தொடுகிறது என்று பிள்ளைக்கே தெரியும். அம்-மா, வா-ழைப்-ப-ழம், தக்-கா-ளி. சமையலறையில் இருக்கும் பொருள்களே ஒரு மாதத்துக்குக் காணும்.

அது பழகிய பிறகு எழுத்துக் கணக்கு. இங்கே நம் இலக்கணமே கைகொடுக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. மாத்திரைக்கு அளவாகப் பழைய இலக்கணம் சொல்வதும் கண் இமைக்கும் நேரத்தையும் கை நொடிக்கும் நேரத்தையும்தான். அதைப் பிள்ளையின் கைக்கே கொடுத்துவிடலாம். குறிலுக்கு ஒரு தட்டு. நெடிலுக்குத் தட்டிய கையை அப்படியே பக்கவாட்டில் இழுக்க வேண்டும். மெய்க்கு விரலால் ஒரு சொடுக்கு. 'அம்மா' என்றால் தட்டு, சொடுக்கு, இழு. 'பட்டம்' என்றால் தட்டு, சொடுக்கு, தட்டு, சொடுக்கு. சொடுக்கத் தெரியாத சின்னப் பிள்ளைகள் நாக்கால் 'டொக்' என்று ஒலி எழுப்பட்டும். பிற்பாடு எழுதும்போது பிள்ளைகள் முதலில் தொலைப்பது புள்ளி வைத்த மெய்யைத்தான். அதற்கென்று தனியாக ஒரு சைகையை இப்போதே கொடுத்துவிட்டால், விட்டுப்போகும்போது கையே நினைவூட்டும்.

தட்டிப் பழகியதும் புளியங்கொட்டைக்கு வாருங்கள். டேனியல் எல்கோனின் என்ற சோவியத் உளவியலாளர், படத்துக்குக் கீழே கட்டம் போட்டு, ஒலிக்கு ஒன்றாகக் காயை நகர்த்தும் முறையை வகுத்தார். தமிழுக்கு அதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். உயிருக்கும் உயிர்மெய்க்கும் பெரிய கட்டம், மெய்க்குப் பாதி அளவில் சின்னக் கட்டம். 'மரம்' என்றால் பெரிது, பெரிது, சிறிது. பிள்ளை மெதுவாகச் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கொட்டையை வைக்கும். எழுத்து கற்ற பின் அதே கட்டத்தில் கொட்டைக்குப் பதில் எழுத்து வந்து உட்காரும்.

ஊரில் பிள்ளைகள் தங்களுக்குள் ரகசியம் பேசும் 'க' பாஷை உங்களுக்குத் தெரிந்திருக்கும். "நீ வா" என்பதை "கநீ கவா" என்பார்கள். 'மாடு' கமா-கடு. 'பந்து' கபந்-கது. யாரும் கற்றுக்கொடுக்காமலே சொல்லைச் சரியான இடத்தில் வெட்டி, மெய்யை முன்னால் இருக்கும் எழுத்தோடு சேர்த்து, வேகமாகப் பேசுவார்கள். இதைவிட நல்ல ஒலிப் பயிற்சி எனக்குத் தெரியாது. வகுப்பில் பேசினால் அதட்டி நிறுத்தாதீர்கள்; நீங்களும் அதிலேயே பதில் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: மோனை முதலில், எதுகை அடுத்து

ஆங்கிலப் பாட்டில் சொல்லின் கடைசி ஒத்துவரும். தமிழ்க் காது முதலில் தேடுவது சொல்லின் தலையை. முதல் எழுத்து ஒத்துவந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒத்துவந்தால் எதுகை, கடைசி ஒத்துவந்தால் இயைபு. இதே வரிசையில் பழக்கினால் பிள்ளைக்குச் சுளுவாக வருகிறது.

மோனைக்கு: "எங்க வீட்டுக்கு ஒரு காக்கா வந்துச்சு. அதுக்குக் 'கா'வில் தொடங்குறதுதான் பிடிக்கும். என்ன குடுக்கலாம்?" காரவடை, காலிஃபிளவர், காராபூந்தி. பொருந்தாததைக் கண்டுபிடிக்கும் விளையாட்டும் நல்லது: மாடு, மாலை, பூனை, மாமா. எது கூட்டத்தில் சேராது?

எதுகை கொஞ்சம் கடினம், ஆனால் அதன் பலன் பெரிது. பட்டம், வட்டம், கட்டம், சட்டம் என்று சொல்லிக்கொண்டே போகும்போது, முதல் எழுத்தை மட்டும் கழற்றி வேறொன்றை மாட்டலாம் என்பது பிள்ளைக்குத் தானாகப் பிடிபடும். பிற்பாடு 'பட்டம்' வாசிக்கத் தெரிந்த பிள்ளை 'கட்டம்' என்பதை எழுத்துக்கூட்டாமலே வாசித்துவிடும். இந்தக் குடும்பங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்: பல்லி, மல்லி, பள்ளி, வெள்ளி, கன்னம், சின்னம், அன்னம், பந்து, வந்து, தந்து. பொருளே இல்லாத சொல் வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். "ஙட்டம்" என்று சொல்லிச் சிரிக்கும் பிள்ளை சரியாகத்தான் விளையாடுகிறது.

கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் விளையாட்டைப் பயணத்தில் வைத்துக்கொள்ளலாம். மாடு என்றதும் பிள்ளை 'டு'வில் சொல் தேடித் திண்டாடும். ழகரத்திலோ ணகரத்திலோ போய் மாட்டிக்கொண்டு "ஒரு வார்த்தையும் வரலியே" என்று கேட்கும். வராதுதான். தமிழ்ச் சொல் அந்த எழுத்துகளில் தொடங்குவதில்லை. அதைப் பிள்ளை தானே தேடித் தோற்றுக் கண்டுபிடித்தால் மறக்காது.

நான்காம் படி: இழுத்தால் பொருள் மாறும், அழுத்தினாலும் மாறும்

நான் அதிக நாள் நின்று பழக்குவது இந்தப் படியில்தான். தமிழில் எழுத்துப் பிழைகளில் பெரும்பங்கு இரண்டே இடத்தில் பிறக்கிறது: குறிலா நெடிலா என்பது ஒன்று, ஒற்று, அதாவது புள்ளி வைத்த மெய், உண்டா இல்லையா என்பது இன்னொன்று.

குறில் நெடிலுக்கு ஒரு ரப்பர் பேண்ட் போதும். 'கல்' என்னும்போது சும்மா பிடித்துக்கொள். 'கால்' என்னும்போது இழு. பல், பால். படம், பாடம். முடி, மூடி. விடு, வீடு. தொடு, தோடு. எடு, ஏடு. இரண்டு படங்களை எதிரே வைத்து, ஒன்றின் பெயரைச் சொல்லி, எதைச் சொன்னேன் என்று எடுக்கச் சொல்லுங்கள். பிறகு பிள்ளை சொல்லட்டும், நீங்கள் எடுங்கள். நீங்கள் வேண்டுமென்றே ஒன்றிரண்டு தவறாக எடுத்தால் பிள்ளை திருத்தும். திருத்தும்போது நெடிலை நன்றாக இழுத்துக் காட்டும்.

ஒற்றுக்குச் சுவரில் கை. 'படு' என்னும்போது உள்ளங்கை சுவரை மெல்லத் தொடட்டும். 'பட்டு' என்னும்போது கையைச் சுவரில் அழுத்தி ஒரு கணம் நிறுத்தி எடுக்க வேண்டும். அந்த நிறுத்தம்தான் 'ட்'. வாயிலும் அதுதான் நடக்கிறது: நாக்கு மேலே ஒட்டி, ஒரு கணம் நின்று, பிறகு விடுகிறது. எடு, எட்டு. அடை, அட்டை. ஓடு, ஓட்டு. பாடு, பாட்டு. மூடை, மூட்டை. பலி, பல்லி. 'பாட்டு' என்பதைப் 'பாடு' என்று எழுதிய பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குக் காதில் வித்தியாசம் தெரிகிறது. அந்த நிறுத்தமும் ஓர் எழுத்துதான், அதற்கும் ஓர் இடம் தர வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. சின்னக் கட்டமும் சொடுக்கும் இங்கே மறுபடி வேலைக்கு வரும்.

ஐந்தாம் படி: உயிர்மெய்யைப் பிரிப்பது

இதை எழுத்து இல்லாமல் காதால் மட்டும் செய்யாதீர்கள். சில எழுத்துகளாவது தெரிந்த பிறகு தொடங்குங்கள். எந்த எழுத்தில் ஆரம்பிப்பது என்று பலரும் கேட்பார்கள். அ, ஆ என்று பன்னிரண்டையும் முடித்துவிட்டுத்தான் அடுத்தது என்ற கட்டாயம் இல்லை. உடனே சொல்லாகக்கூடியவற்றை எடுங்கள். ப, ட, ம, ர இந்த நான்கும் ம் என்ற மெய்யும் வந்துவிட்டால் படம், மரம், மடம் என்று முதல் வாரத்திலேயே பிள்ளை வாசிக்கத் தொடங்கிவிடும்.

பிரிப்பதற்கு முகக்கண்ணாடியை எடுங்கள். 'மா' என்பதில் தொடங்குவது நல்லது, ஏனென்றால் மெய் கண்ணுக்குத் தெரியும். பிள்ளை கண்ணாடியைப் பார்த்து "ம்ம்ம்" என்று உதட்டை மூடிக்கொள்ளட்டும்; மூடியபடியே ஒலி வருகிறது. இப்போது உதட்டைத் திறந்தால் "ஆ". மூடியது ம், திறந்தது ஆ, சேர்ந்தது மா. என் வகுப்பில் ஒரு பையன் இதைப் பத்துத் தடவை செய்துவிட்டு, "மிஸ், ஆ உள்ளேயே ஒளிஞ்சிருக்கு" என்றான். அன்று முழுவதும் எல்லா எழுத்துக்குள்ளும் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருந்தான்.

முதலில் வாலைக் கேட்கப் பழக்குங்கள், தலையை அப்புறம். 'பாாா' என்று மூச்சு முட்டும் வரை இழுத்தால் கடைசியில் வாயில் மிஞ்சுவது 'ஆ' மட்டுமே. கா, பா, மா, தா எதை இழுத்தாலும் அதே வால். இது தெளிந்த பிறகு கா, கீ, கூ, கே எல்லாவற்றுக்கும் ஒரே தலை என்பது வரும். பள்ளிகளில் க, கா, கி, கீ என்று குறுக்கு வரிசையை ஒப்பிக்கிறோம். அது தலையை மட்டும் பழக்குகிறது. கா, சா, டா, தா, பா என்று மேலிருந்து கீழாகவும் படிக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் 'கால்' என்ற குறி எங்கே வந்தாலும் ஆகாரம்தான் என்பது மனத்தில் பதியும். உகர, ஊகார வரிசைகளுக்கு அந்த வசதி இல்லை. கு, சு, டு, து, மு ஒவ்வொன்றும் வேறு வேறு விதமாக வளைகிறது. அவற்றை முழு உருவமாகவே கற்றுக்கொள்ளட்டும்.

கொம்பு வைத்த எழுத்துகளில் பிள்ளைகள் தடுமாறுவதற்கு நியாயமான காரணம் உண்டு. 'கே' என்பதில் முதலில் கேட்பது க், பின்னால் கேட்பது ஏ. எழுதும்போதோ இரட்டைக் கொம்பை முதலில் போட்டுவிட்டுத்தான் க எழுத வேண்டும். 'கோ' என்றால் முன்னால் இரட்டைக் கொம்பு, பின்னால் கால். காது ஒரு வரிசையைச் சொல்கிறது, கை வேறொரு வரிசையில் போகிறது. 'தேன்' என்பதைத் 'தன்' என்று எழுதிவிட்டு, கொம்பை எங்கே நுழைப்பது என்று திகைக்கும் பிள்ளையை அவசரப்படுத்தாதீர்கள். கொம்பையும் காலையும் தனித்தனி அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு, த அட்டைக்கு முன்னால் நகர்த்தி வைக்கச் சொன்னால் ஒரு வாரத்தில் பழகிவிடும். எ, ஏ வித்தியாசமும் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு என்பதில்தான் இருக்கிறது. எனவே நான்காம் படியின் ரப்பர் பேண்டை இங்கேயும் கொண்டுவாருங்கள்.

தாத்தா பாட்டி பழக்குவதாக இருந்தால் ஒரு சொல். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்தபோது லை, ளை, னை, ணை, ணா, றா, னா முதலிய 13 எழுத்துகளின் உருவம் மாறியது. துதிக்கை போட்ட பழைய 'லை'யை எழுதி வளர்ந்தவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். தொடங்கும் பிள்ளைக்கு இப்போது புத்தகத்தில் இருக்கும் உருவம் ஒன்றே போதும். பழையதை அப்புறம் ஒரு கதையாகச் சொல்லலாம்.

ஆறாம் படி: வீட்டுப் பேச்சும் புத்தகப் பேச்சும்

'கொட' எழுதிய சிறுமிக்கு நான் கொடுத்திருக்க வேண்டியது இதுதான். நமக்கு இரண்டு பேச்சு உண்டு என்று பிள்ளையிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். வீட்டில் 'கொட', புத்தகத்தில் 'குடை'. இரண்டும் நம்முடையவை. ஒன்றைத் தப்பு என்று சொன்னால் பிள்ளை தன் அம்மா பேசுவதைத் தப்பு என்று எடுத்துக்கொள்ளும்.

இரண்டுக்கும் இடையே ஒழுங்கு இருக்கிறது என்பதை நீங்கள் தெரிந்துவைத்துக்கொண்டால் பிழைகள் புதிராகத் தெரியாது. தமிழ்நாட்டுப் பேச்சில், முதல் எழுத்தில் இ அல்லது உ இருந்து, அடுத்து ஒற்றில்லாமல் அகரமோ ஐகாரமோ வந்தால், இ எகரமாகவும் உ ஒகரமாகவும் இறங்கிவிடும். இலை 'எல', இடம் 'எடம்', விலை 'வெல', குடை 'கொட', முகம் 'மொகம்', உடம்பு 'ஒடம்பு'. நடுவில் ஒற்று வந்தால் இறங்காது. 'சின்ன', 'குட்டை' அப்படியே நிற்கும். சொல்லின் கடைசி 'ம்', 'ன்' மூக்கொலியாகக் கரைந்துபோகும். அதனால்தான் பிள்ளை 'மர' என்று எழுதிவிட்டு நிற்கிறது. ற்ற என்பது த்த ஆகும்: காற்று 'காத்து', நேற்று 'நேத்து'. ன்று என்பதும் மாறும்: ஒன்று 'ஒண்ணு', மூன்று 'மூணு', கன்று 'கண்ணு'. யாழ்ப்பாணத்துப் பேச்சில் ற்ற தெளிவாக நிற்பதால் அங்கே வளரும் பிள்ளைக்கு இந்தச் சிக்கல் குறைவு.

பயிற்சி எளிது. நீங்கள் "எல" என்கிறீர்கள். பிள்ளை செய்தி வாசிப்பவர்போல "இலை" என்று சொல்ல வேண்டும். "மொகம்", "முகம்". "வந்துச்சு", "வந்தது". அப்புறம் மாற்றி ஆடுங்கள். சொல்லெழுதும்போது, எழுதுவதற்கு முன் ஒருமுறை புத்தகப் பேச்சில் வாய்விட்டுச் சொல்லிவிட்டு எழுதும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். தினமும் படுக்கும்முன் கதைப் புத்தகத்தை அதில் இருக்கும் மொழியிலேயே வாசித்துக் காட்டுவதும் இதற்காகத்தான். புத்தகப் பேச்சு காதில் விழாத பிள்ளையிடம் அதை எழுத்தில் எதிர்பார்க்க முடியாது.

க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலி இருப்பதைப் பற்றி உள்ளூர்ப் பிள்ளையிடம் பேசவே வேண்டாம். கல், தங்கம், மகன் மூன்றிலும் க வெவ்வேறாக ஒலித்தாலும் அது தானாகச் சரியாகச் சொல்லும். வெளிநாட்டில் வளரும் பிள்ளைக்கு மட்டும் சொல்லித் தர வேண்டும்: சொல்லின் முதலிலும் (ச நீங்கலாக) ஒற்று இரட்டித்த இடத்திலும் வன்மை, மெல்லினத்துக்குப் பின் அழுத்தம் குறையும், இரு உயிர்களுக்கு நடுவில் இன்னும் இளகும்.

ஏழாம் படி: ந, ன, ண முதலான தொல்லைகள்

'மூணு சுழி ண', 'ரெண்டு சுழி ன' என்று சொல்லிக்கொடுக்கிறோம். சுழி உருவத்தை மட்டும்தான் சொல்கிறது. பழைய பெயர்களோ எழுத்து வரும் இடத்தையே சொல்லிவிடுகின்றன. டண்ணகரம்: ட பக்கத்தில் நிற்கும் ண. தந்நகரம்: த பக்கத்தில் நிற்கும் ந. றன்னகரம்: ற பக்கத்தில் நிற்கும் ன. நெடுங்கணக்கு வரிசையைப் பாருங்கள்: க ங, ச ஞ, ட ண, த ந, ப ம, கடைசியில் ற ன. ஒவ்வொரு வல்லினத்துக்குப் பக்கத்திலும் அதன் தோழி. தமிழ்ச் சொல்லில் ட-வுக்கு முன் வந்தால் அது ண் (வண்டி, நண்டு), த-வுக்கு முன் வந்தால் ந் (பந்து, சந்தை), ற-வுக்கு முன் வந்தால் ன் (கன்று, நன்றி). சொல்லின் முதலில் வருவது எப்போதும் ந. இவ்வளவையும் ஏழு வயதில் ஒரு விளையாட்டாகவே கற்றுவிடலாம். வல்லின அட்டைகளையும் மெல்லின அட்டைகளையும் கலைத்துப் போட்டுத் தோழிகளைச் சேர்க்கச் சொன்னால் போதும்.

மணம், மனம், பணி, பனி போன்றவற்றுக்கு இந்த விதி உதவாது. அங்கே பொருள்தான் வழி. படத்தோடு சேர்த்துப் பார்த்துப் பார்த்துத்தான் வரும். ல, ள, ழவும் அப்படியே. ழகரத்துக்கு நாக்கின் நுனி பின்னோக்கி வளைய வேண்டும், ஆனால் மேலே ஒட்டக் கூடாது, ளகரத்துக்கு ஒட்டும். வீட்டில் எல்லாரும் 'வாளப்பளம்' என்று சொல்லும் ஊரில் காது இந்த வித்தியாசத்தைத் தராது. முதலில் வாயில் வரவழைத்துவிட்டுத்தான் எழுத்தில் கேட்க வேண்டும். ஒரு சின்ன உதவி: ரகரமும் ழகரமும் தமிழில் இரட்டிப்பதில்லை. இரட்டித்துக் கேட்டால் ல்ல அல்லது ள்ள, அவ்வளவுதான்.

இரண்டாம் வகுப்புக்கு மேல் சொல்லின் உறவுகளைக் காட்டத் தொடங்கலாம். 'பல்'லா 'பள்'ளா என்று சந்தேகம் வந்தால் பன்மையைச் சொல்லிப் பார்: பற்கள். ற் வந்தால் லகரம். முட்கள் என்பதில் ட் வருகிறது. எனவே முள், ளகரம். கல், கற்கள், நாள், நாட்கள். வீடு, வீட்டில், வீட்டுக்கு. ஆறு, ஆற்றில், ஆற்றுக்கு என்று குடும்பமாக எழுதிப் பழகினால் ஒற்று எங்கே முளைக்கிறது என்பது விதி சொல்லாமலே புரியும். 'வரவில்லையென்றால்' போன்ற நீளச் சொல்லைப் பார்த்துப் பிள்ளை மிரண்டால், பின்பாதியை விரலால் மறைத்து 'வர' என்று தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக விரலை நகர்த்துங்கள்.

எப்போது உதவி தேட வேண்டும்

பல மாதம் பொறுமையாகச் செய்தும் தட்டுவதும் மோனையும் கூடப் பிடிபடவில்லை என்றால் முதலில் காதைப் பரிசோதியுங்கள். அடிக்கடி சளியும் காதுவலியும் வரும் பிள்ளைக்கு ஒலிகள் மங்கலாகவே கேட்டிருக்கக்கூடும். காது சரியாக இருந்து, மற்ற எல்லாவற்றிலும் சுறுசுறுப்பாக இருக்கும் பிள்ளை எழுத்தில் மட்டும் தொடர்ந்து திணறினால், அது டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புச் சிரமமாக இருக்கலாம். சோம்பேறி என்று பெயர் வைக்காதீர்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் போன்ற அமைப்புகள் இதற்கென்றே பணிசெய்கின்றன. குடும்பத்தில் வேறு யாருக்காவது இதே சிரமம் இருந்ததா என்பதையும் கேட்டு வைத்துக்கொண்டு போங்கள்.

பிழை நோட்டு

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பிள்ளையின் பிழைகளைத் தேதி போட்டு, அது எழுதியபடியே எழுதி வையுங்கள். பிள்ளையிடம் காட்ட வேண்டாம், அது உங்களுக்கானது. பக்கத்தில் ஒரு குறிப்பு மட்டும்: 'எல', வீட்டுப் பேச்சு. 'பாடு', ஒற்று. 'படம்' என்று பாடத்துக்கு எழுதியது, நெடில். 'பன்டிகை', தோழி மாறியது. ஒரு மாதம் கழித்துப் புரட்டினால் எந்த வகைப் பிழை அதிகம் என்று தெரியும். அடுத்த மாதத்தின் பத்து நிமிடங்களை அந்தப் படிக்குக் கொடுங்கள். சிவப்பு மைக்குப் பதிலாக நான் இப்போது பென்சிலால் பிழையான எழுத்தின் கீழே ஒரு சின்னக் கட்டம் மட்டும் போடுகிறேன். பிள்ளை அதைப் பார்த்ததும் சொல்லை வாய்விட்டுச் சொல்லி, தட்டி, சொடுக்கி, கட்டத்துக்குள் என்ன வர வேண்டும் என்று தானே தேடத் தொடங்கிவிடுகிறது.